பயம் வருவதற்கு முன்னால் உள்ள வாழ்க்கையும் திரைக்கு வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் நாவல்கள் திரைப்படங்களாகவும் தொடர்களாகவும் வந்திருப்பதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையையும், அதையொட்டி வந்துகொண்டிருக்கும் வாசகர் கடிதங்களையும் விடாமல் படித்து வருகிறேன். திகில் கதை என்றாலே பேருந்துப் பயணத்தில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுச் செல்வதற்கு உரியது என்று எண்ணும் வழக்கம் இன்னும் போகாத நிலையில், ஒரு தமிழ் நாளிதழ் இதற்கு இடம் ஒதுக்கியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. ஆனால் கட்டுரையும் சரி, கடிதங்களும் சரி, புத்தகத்தில் இருந்தது படத்தில் இருக்கிறதா, முடிவை மாற்றிவிட்டார்களா என்ற ஒரே கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கின்றன. அந்தக் கேள்வியைக் கொண்டு கிங்கின் கதைகளை அளக்க முடியாது என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

கடலூரில் எங்கள் நண்பர்கள் சிலர் மாலை வேளைகளில் சில்வர் பீச்சில் கூடுவது வழக்கம். புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய ஆங்கிலப் புத்தகங்களை வாங்கி வந்து ஒருவர் படிப்பார். ஆங்கிலத்தில் நாவல் படிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு அவரே கதையை வாய்மொழியாகச் சொல்லுவார். பிறகு எல்லோரும் படத்தைப் பார்ப்போம். கதையை மட்டும் கேட்டவர்களும், புத்தகத்தை முழுதாகப் படித்தவர்களும், படத்தை மட்டும் பார்த்தவர்களும் சேர்ந்து பேசும்போது எழும் விவாதங்கள் மிகவும் பயனுள்ளவை. கதை சொல்லுகிறவர் எந்தப் பகுதியைச் சுருக்கினாலும் கேட்பவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தக் குடும்பம் எப்படிப்பட்டது, கணவன் மனைவிக்குள் என்ன வருத்தம், பிள்ளை யாரிடம் ஒட்டிக்கொள்கிறான் என்பதைச் சொல்லாமல் பேய்க்குத் தாவினால் உடனே இடைமறித்துக் கேட்கிறார்கள். கிங்கின் கதைகளில் எது உயிர், எது உடுப்பு என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

'சேலம்ஸ் லாட்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் வெளிவந்த இந்த நாவலில் ஒரு சிற்றூர் முழுவதையும் இரத்தக் காட்டேரிகள் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் முதல் சாவு நிகழ்வதற்கு முன்பாகவே, அந்த ஊரின் ஒரு நாளை விடியற்காலை நான்கு மணியிலிருந்து மணிக்கணக்கில் கிங் நமக்குக் காட்டிவிடுகிறார். மாட்டுத் தொழுவத்தில் பால் கறக்கும் அண்ணன் தம்பி, பால் புட்டிகளை வீடு வீடாக வைத்துக்கொண்டு போகும் பால்காரர், பிள்ளைகளை அதட்டியே பள்ளிப் பேருந்தை ஓட்டும் ஓட்டுநர், குப்பைமேட்டில் எலிகளைச் சுட்டுக்கொண்டிருக்கும் காவல்காரர், அழுகிற கைக்குழந்தையை அடித்துவிட்டுப் பதறும் இளம் தாய் என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். இவர்களில் யாரும் கதாநாயகர் இல்லை. ஆயினும் பின்னால் இருட்டில் ஒவ்வொருவராக மறையும்போது நமக்கு நெஞ்சு பதைப்பதற்குக் காரணம், அவர்கள் காலையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும் என்பதுதான். 1979இல் டோபி ஹூப்பர் இதைத் தொலைக்காட்சிக்காக ஏறக்குறைய மூன்று மணி நேரப் படமாக எடுத்தபோது பல பாத்திரங்களை ஒன்றாகச் சேர்த்தார், காட்டேரியின் தோற்றத்தையே மாற்றினார். இருந்தாலும் ஊர் இருந்தது. 2024இல் வந்த புதிய படம் இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. காட்டேரிகள் நன்றாகவே பயமுறுத்துகின்றன. ஆனால் அழிகிற ஊரில் யார் யார் இருந்தார்கள் என்று படம் முடிந்த பிறகு எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

'தி ஷைனிங்' பற்றி எழுதிய வாசகர்கள் பலரும், ஸ்டான்லி குப்ரிக்கின் 1980ஆம் ஆண்டுப் படத்தைத் தம் கதைக்கு நேர்ந்த அநீதியாகக் கிங் கருதினார் என்பதைக் குறிப்பிட்டு, உலகம் போற்றும் ஒரு படத்தை எழுத்தாளரே பழிப்பதா என்று கேட்டிருக்கிறார்கள். கிங்கின் வருத்தத்தை வெறும் அகந்தையாகப் பார்க்கக்கூடாது என்பது என் கருத்து. 1977இல் வந்த அந்த நாவலின் ஜாக், குடிப்பழக்கத்தை விட்டுவிட்டு அதிலிருந்து மீளப் போராடும் ஒரு தகப்பன். போதையில் ஒருமுறை மகனின் கையை முறித்தவன். கோபத்தில் மாணவன் ஒருவனை அடித்து ஆசிரியர் வேலையை இழந்தவன். பனிக்காலம் முழுவதும் மூடிக் கிடக்கும் மலை ஓட்டலில் கிடைத்த காவலாளி வேலைதான் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தனக்கு எஞ்சியிருக்கும் கடைசி வழி என்று நம்பி வருகிறவன். அந்த ஓட்டலின் அடித்தளத்தில் ஒரு பழைய கொதிகலன் இருக்கிறது. அதன் அழுத்தம் காட்டும் முள் தானாகவே மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். நாள்தோறும் கீழே இறங்கிப் போய் வால்வைத் திறந்துவிட்டு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். மறந்தால் கட்டடமே வெடித்துச் சிதறும். ஜாக் முதல் வாரங்களில் எவ்வளவு கவனமாக அந்த முள்ளைப் பார்க்கிறான், பிறகு எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கவனம் தளர்கிறது என்பதில்தான் நாவலின் திகில் முழுவதும் இருக்கிறது. இறுதியில், மகனைக் கொல்ல வந்து நிற்கும் அந்த மனிதன் ஒரு கணம் தகப்பனாகத் திரும்பி, ஓடிவிடு என்று மகனிடம் சொல்லுகிறான். கொதிகலன் வெடித்து ஓட்டல் எரிந்து போகிறது.

குப்ரிக்கின் படத்தில் அந்த ஒரு கணம் இல்லை. அவருடைய ஜாக் முதல் காட்சியிலேயே பாதி பித்துப் பிடித்தவனாகத் தோன்றுகிறான். கடைசியில் பனியில் உறைந்து சாகிறான். ஓட்டல் அப்படியே நிற்கிறது. காட்சி அமைப்பிலும் ஒலியிலும் அது ஒப்பற்ற படம் என்பதை நான் மனமார ஏற்கிறேன். அந்த நீண்ட தாழ்வாரங்களில் சிறுவன் மூன்று சக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு போகும் காட்சியை யாரால் மறக்க முடியும்? ஆனால் தம்முடைய குடிப்பழக்கத்தையே தம்மை அறியாமல் அந்த நாவலில் எழுதிக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் ஒப்புக்கொண்ட எழுத்தாளர், அந்தத் தகப்பனின் போராட்டம் நீக்கப்பட்டதைப் பார்த்து வருந்தினார் என்றால் அதில் நியாயம் உண்டு. குடித்துவிட்டு வரும் தகப்பனின் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று கணித்துவிடும் பிள்ளைகள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். அந்த நாவலைத் தமிழில் சொல்லக் கேட்ட எங்கள் நண்பர்களுக்கு ஓட்டலின் ஆவிகளைவிட அந்தச் சிறுவன் தகப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

இங்கே இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1997இல் கிங்கே திரைக்கதை எழுதி, மிக் கேரிஸ் இயக்கத்தில், அந்த நாவலுக்குத் தூண்டுதலாக இருந்த கொலராடோ மாநிலத்து ஸ்டான்லி ஓட்டலிலேயே படமாக்கப்பட்ட மூன்று பகுதித் தொலைக்காட்சித் தொடர் ஒன்று வந்தது. கொதிகலன் உட்பட ஏறக்குறைய எல்லாமே நாவலில் உள்ளபடி இருந்தன. இன்று அதைத் தேடிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ஆகவே நாவலை வரிக்கு வரி பின்பற்றினாலே படம் நன்றாக வந்துவிடும் என்று வாதிடுகிற நண்பர்கள் இந்தத் தொடரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2019இல் மைக் ஃபிளானகன் எடுத்த 'டாக்டர் ஸ்லீப்' படமோ, குப்ரிக் கட்டிய அதே ஓட்டலுக்குள் வளர்ந்துவிட்ட மகனை அழைத்துச் சென்று, கிங் எழுதிய அதே கொதிகலனால் அதை எரிய வைத்தது. 'தி ஷைனிங்' கதைக்குத் தொடர்ச்சியாகக் கிங் எழுதிய 'டாக்டர் ஸ்லீப்' நாவலில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. குடிகாரத் தகப்பனின் மகன் தானும் குடித்துச் சீரழிந்து, பிறகு மீண்டு வந்து தகப்பனின் எதிரே அமர்ந்து பேசும் காட்சியை எங்களில் நாவலின் பக்கம் நின்றவர்களும் குப்ரிக் படத்தின் பக்கம் நின்றவர்களும் ஏற்றுக்கொண்டார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

முடிவை மாற்றலாமா என்ற கேள்விக்கு 'தி மிஸ்ட்' நல்ல எடுத்துக்காட்டு. பெரும்புயல் அடித்து மரங்கள் சாய்ந்து மின்சாரம் போன மறுநாள், ஊர் மக்கள் பொருள் வாங்கப் பல்பொருள் அங்காடிக்கு வருகிறார்கள். ஒரு மூடுபனி வந்து சூழ்ந்துகொள்கிறது. வெளியே போனவர்கள் திரும்பவில்லை. கதையின் பெரும்பகுதி அந்தக் கடைக்குள் அடைபட்ட மக்களைப் பற்றியதுதான். இரண்டாம் நாளே, இது கடவுளின் தண்டனை, பலி கொடுத்தால்தான் தீரும் என்று பேசும் ஒரு பெண்மணியின் பின்னால் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு இங்கே இருந்தவர்களுக்கு இந்தக் கதையில் விளக்கம் எதுவும் தேவைப்படாது. மின்கம்பங்கள் வரிசையாக மடிந்து கிடக்க, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடக்க, கடைகளில் மெழுகுவத்திக்கும் தீப்பெட்டிக்கும் மக்கள் முட்டி மோதிய அந்த நாட்களில், கடல் உள்ளே வருகிறது என்று எவரோ ஒருவர் சொன்ன சொல்லுக்கு ஒரு தெருவே எழுந்து ஓடியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையை அறிந்த ஊர் அப்படித்தான் ஓடும். அன்று எங்களை அச்சுறுத்தியது இருட்டைவிட அந்தச் சொல்தான்.

கிங்கின் குறுநாவல், எங்கோ வானொலியில் ஒரு ஊரின் பெயர் கேட்டது போன்ற மெல்லிய நம்பிக்கையோடு முடிகிறது. 2007இல் அதைப் படமாக்கிய ஃபிராங்க் டாராபான்ட், தகப்பன் தன் மகனையும் உடன் வந்தவர்களையும் துன்பத்திலிருந்து விடுவிப்பதாக எண்ணித் தானே சுட்டுக்கொன்று, அடுத்த சில நிமிடங்களில் இராணுவம் மீட்புக்கு வந்து சேர்வதாக முடித்தார். இதைவிடப் பெரிய மாற்றம் இருக்க முடியாது. ஆனால் கிங் அந்த முடிவை வெளிப்படையாகப் பாராட்டினார். கடைக்குள் மனிதர்கள் ஒருவரை ஒருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பதை டாராபான்ட் ஒரு நூலிழை கூட விடாமல் எடுத்துவிட்டிருந்தார். முடிவு அந்த மனிதர்களிடமிருந்தே பிறந்தது. எங்கள் கூட்டத்தில் அந்த முடிவைத் தாங்க முடியாமல் எழுந்து போனவர் உண்டு. அது படத்தின் குறை என்று அவரும் சொல்லவில்லை.

இதே காரணத்தால்தான் பாலு மகேந்திராவின் 'ஜூலி கணபதி' பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லாதது எனக்கு ஏமாற்றம் அளித்தது. 1987இல் கிங் எழுதிய 'மிஸரி', 1990இல் ராப் ரைனர் இயக்கத்தில் படமாகி, கேத்தி பேட்ஸுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தது. விபத்தில் அடிபட்ட எழுத்தாளரைத் தன் வீட்டில் அடைத்துவைத்து, தன் விருப்பப்படி கதை எழுத வைக்கும் வாசகியின் கதை அது. நாவலில் அவள் எழுத்தாளரின் பாதத்தைக் கோடரியால் வெட்டிவிடுகிறாள். படத்தில் சம்மட்டியால் கணுக்கால்களை முறிக்கிறாள். இந்த மாற்றத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் உண்டு. 2003இல் அதே கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்த பாலு மகேந்திரா செய்தது அதைவிடப் பெரியது: நாவலாசிரியரைத் தொலைக்காட்சித் தொடர் எழுதுபவராக மாற்றினார். தொடரில் வரும் பெண்ணுக்கு ஒரு துன்பம் வந்தால் தம் வீட்டுப் பெண்ணுக்கு வந்ததைப் போல அழும் பார்வையாளர்களை நாம் அனைவரும் அறிவோம். அந்த ஒரு மாற்றத்தால் அமெரிக்கப் பனிமலையில் நடந்த கதை நம் கூடத்துக்குள் வந்துவிட்டது. சரிதா அந்தப் பாத்திரத்தில் அன்போடு சோறு ஊட்டுகிற கையாலேயே அச்சத்தையும் ஊட்டுகிறார். ஒரு தனிமையான பெண்ணின் பாசம் எந்த இடத்தில் திரிகிறது என்பதை அவருடைய முகமே சொல்லிவிடுகிறது. தமிழில் கிங்கைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்தப் படத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்', 'ஸ்டாண்ட் பை மீ' ஆகிய படங்களும் கிங்கின் கதைகளே என்று தெரிந்ததும் வியப்படைகிறவர்கள் பலர். பேயே இல்லாத இந்தக் கதைகள் திரையில் இவ்வளவு நன்றாக வந்ததில் எனக்கு வியப்பில்லை. அவற்றில் எடுக்க வேண்டியது மனிதர்களை மட்டுமே. மாறாக, எட்டு நூல்களாக விரியும் 'தி டார்க் டவர்' வரிசையை 2017இல் ஒன்றரை மணி நேரப் படமாகச் சுருக்கியதைப் பற்றிப் பேசவே மனம் வரவில்லை.

பேய்ப்படத்துக்குப் போகிறவர் பயப்படத்தானே போகிறார், அவருக்கு எதற்குக் குடும்பக் கதை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் 1990களின் பிற்பகுதியில் 'விடாது கருப்பு' தொடருக்காகக் காத்திருந்தவராக இருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டார். 2024 நவம்பரில் நம்மை விட்டுப் பிரிந்த இந்திரா சௌந்தர்ராஜனின் கதையை நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த அந்தத் தொடரில், குதிரையின் குளம்பொலி கேட்டுப் பயந்தோம் என்பது உண்மை. ஆனால் அந்தக் கிராமத்து வீடுகளின் பழைய பகையும், மறைக்கப்பட்ட பாவமும், ஒரு பெண்ணின் மனத்துக்குள் கிடந்த காயமும் வாரந்தோறும் சிறிது சிறிதாகத் திறக்கப்பட்டதால்தான் அந்தக் குளம்பொலிக்கு அத்தனை வலிமை இருந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் நம் திரையரங்குகளில் நகைச்சுவைப் பேய்ப்படங்களே பெருகின. குழந்தைகளோடு போய்ச் சிரித்துவிட்டு வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் திகிலைத் திகிலாகவே எடுக்கும் துணிவு நமக்கு மீண்டும் வர வேண்டும்.

அதற்கான வழியையும் கிங்கிடமிருந்தே கற்கலாம். 1977 முதல் 2023 வரை, திரைப்பட மாணவர்களும் புதியவர்களும் தம்முடைய சிறுகதைகளை வணிக நோக்கமின்றிக் குறும்படமாக எடுத்துக்கொள்ள ஒரு டாலருக்கு அவர் உரிமை கொடுத்து வந்தார். எடுத்த படத்தின் பிரதி ஒன்றைத் தமக்கு அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. அப்படி உரிமை பெற்றவர்களில் ஒருவர்தான் டாராபான்ட். நோயில் துடிக்கும் தாயின் படுக்கையருகே நிற்கும் மகனைப் பற்றிய 'தி வுமன் இன் த ரூம்' கதையை 1983இல் அவர் குறும்படமாக எடுத்தார். 1994இல் 'ஷாஷாங்க்' அவருடைய கையிலிருந்து வந்தது. ஒரு டாலரில் தொடங்கிய நம்பிக்கை எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள். நம்மிடையே கதையை அனுமதியின்றி எடுத்துக்கொண்டு எழுத்தாளரின் பெயரைப் போடாமல் விடும் குறும்படங்களும் உண்டு, அனுமதி கேட்டும் பதில் வராமல் கைவிடப்பட்ட நல்ல முயற்சிகளும் உண்டு. பெயரளவுக்கு ஒரு தொகையும் எழுத்துப்பூர்வமான அனுமதியும், தலைப்பில் ஆசிரியர் பெயரும் என்ற எளிய ஏற்பாட்டை நம் எழுத்தாளர்களும் பதிப்பகங்களும் அறிவித்தால் இரண்டு குறைகளும் நீங்கும்.

அனுமதியே தேவைப்படாத செல்வமும் நம்மிடம் இருக்கிறது. எங்கள் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. அவருடைய 'காஞ்சனை'யில் ஒரு எழுத்தாளன் வீட்டுக்கு வேலைக்காரியாக வந்து சேரும் பெண்ணையும், நள்ளிரவில் அந்த வீட்டில் எழும் வாசனையையும், எதையும் நம்பவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் படுத்திருக்கும் கணவனையும் படித்தவர்கள், கிங் செய்வதை நம் ஊர்க்காரர் அவருக்கு முன்பே ஒரு சிறுகதைக்குள் செய்துவிட்டார் என்பதை உணர்வார்கள். அங்கேயும் பேய் வருவதற்கு முன்னால் கணவன் மனைவியின் பேச்சு வருகிறது. அந்தப் பேச்சை விட்டுவிட்டு வாசனையை மட்டும் படமாக்கினால் ஒன்றும் மிஞ்சாது. மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் தம் 'உன்னைப்போல் ஒருவன்' கதையை வேறு யாரிடமும் ஒப்படைக்காமல் 1965இல் தாமே இயக்கியதும் இந்தப் பிடிவாதத்தால்தான். கிங்கும் 1986இல் ஒரு படத்தைத் தாமே இயக்கிப் பார்த்தார், அது சரியாக அமையவில்லை. ஆகவே எழுத்தாளரே இயக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இயக்குபவர் எழுத்தாளரின் மனிதர்களை முதலில் படிக்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கதையிலிருந்து எடுக்கப்பட்ட படங்களுக்குத் தங்கள் நாளிதழ் விமர்சனம் வெளியிடும்போது, மூலக்கதையைப் படித்த ஒருவரையும் உடன் எழுத வையுங்கள். முடிவு மாறியதா என்பதோடு நிறுத்தாமல், அந்த மனிதர்கள் திரைக்கு வந்து சேர்ந்தார்களா என்று அவர் சொல்லட்டும். ஞாயிறு இணைப்பில் இந்த விவாதத்தை இன்னும் சில வாரங்கள் தொடர இடம் கொடுங்கள். 'ஜூலி கணபதி'யையும் 'மிஸரி'யையும் அருகருகே வைத்து விரிவாக எழுதித் தர எங்கள் நண்பர்களில் இருவர் ஆயத்தமாக இருக்கிறார்கள். தங்கள் பதில் கிடைத்ததும் அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.